இன்னும் மூன்று கடை பாக்கி

எங்கள் தெருவைச் சுற்றிக்காட்ட ஓர் ஆள் வேண்டுமென்றால் அது நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து எந்த அடுப்பிலிருந்து எது எப்போது சூடாக இறங்கும், எந்த மாடி ஜன்னலிலிருந்து எப்போது கூடை இறங்கும், யாருக்கும் யாருக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். அவர் வீட்டில் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். அங்கே பேச முடியாமல் மிச்சமான பேச்சையெல்லாம் தெருவில் பேசிப் பேசித்தான் நான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன்.

ஊரைச் சுற்றிக்காட்டும் கம்பெனி ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் பழைய பேட்டைகளுக்கு ஆட்களை நடத்தி அழைத்துப்போய், அங்கத்திய கடைகளையும் சாப்பாட்டையும் மனிதர்களையும் காட்டுவார்கள். இந்த வருஷம் புதிதாக ஒரே ஒரு பேட்டையைச் சேர்த்துக்கொள்ளப் போகிறோம், அந்தந்தப் பேட்டைக்காரர்களே ஒருமுறை நடத்திக்காட்டட்டும், தேறினால் அவரே நிரந்தர வழிகாட்டி என்று சொல்லியிருந்தார்கள். கடைசிச் சுற்றில் இரண்டு பேர் மிஞ்சினோம். ஒன்று நான். இன்னொன்று, ஆற்றங்கரைப் பேட்டையில் இருக்கும் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி.

அவள் நடத்திக்காட்டி முடித்த அன்றே எனக்குப் போன் செய்தாள்.

"ரொம்ப நல்லா போச்சு. எல்லாரும் போட்டோவா எடுத்துத் தள்ளுனாங்க. நீ மனசு விட்டுடாத, என்ன? எனக்குக் கிடைச்சா உன்னையும் சேத்துக்கிறேன். கூட்டத்துக்குக் கடைசியில ஒரு ஆள் கொடி பிடிச்சுட்டு வரணுமாம், யாரும் வழி தவறிடக் கூடாதுன்னு. அதை நீ பண்ணலாம்."

"சரிக்கா" என்று வைத்துவிட்டேன். அந்த ஆத்திரத்தில் அடுப்பைத் தேய்த்தேன் பாருங்கள், வாங்கின நாளில்கூட அது அப்படிப் பளபளத்ததில்லை. கொடி பிடிப்பதாம். அதுவும் கடைசியில். இத்தனை வருஷமாக மாமியார் வீட்டில் எல்லோரும் என்னைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: அவளுக்கு வாய் மட்டும்தான். அந்த வாய்க்கு முதல்முதலாக ஒரு வேலை வரும் என்று தெரிந்தபிறகு விடுவேனா? எனக்கு அது வேண்டும். வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

எனக்கு இருந்த பயமெல்லாம் எங்கள் தெருவைப் பற்றித்தான். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வந்தவர் தட்டின் அடி கண்ணில் படக்கூடாது. பட்டால் தங்கள் மானமே போனதாக நினைப்பார்கள். நீங்கள் தலையைத் திருப்பி ஒரு வார்த்தை பேசுவதற்குள் தட்டில் இன்னொரு கரண்டி விழுந்திருக்கும். சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு இது ஆகாது. ஐந்து கடை. ஒவ்வொரு கடையிலும் ஒரு வாய். அப்படி இருந்தால்தான் கடைசிக் கடையான மீன்கடை வரை வயிறு தாங்கும். அந்த மீன் வறுவலுக்காகத்தான் நான் இந்த வழியையே போட்டேன்.

அதனால் முதல் நாளே ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். "கட்டைவிரல் அளவு. அதுக்கு மேல ஒரு துளி வைக்கக் கூடாது. என் பொழைப்பு இதுல இருக்கு" என்றேன். ரொட்டிக்கடை அண்ணன் தலையாட்டினார். சூப்புக்கடை வைத்திருக்கும் சூப்பக்கா என் கையைப் பிடித்துச் சத்தியமே செய்தாள். மீன்காரர் மட்டும் கரண்டியை எடுத்து என் முன்னால் நீட்டி, "என் மீனை எவனாவது பாதியில வெச்சுட்டு எந்திரிச்சான்னு வை, அன்னிக்கே கடையை மூடிடுவேன் தங்கச்சி" என்றார். அவர் சொன்னால் செய்வார். ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறார்.

சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். கம்பெனி மேலாளர் ஒரு பெண்மணி. குட்டை முடி, கேன்வாஸ் ஷூ, சிரிக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். அவருடன் நான்கு விருந்தாளிகள். தொப்பி போட்ட ஒரு பருத்த மனிதர், ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர், புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. முடிவில் இந்த நான்கு பேரிடமும் நேராகவே கேட்டுத்தான் முடிவெடுப்பேன் என்றார் மேலாளர்.

ஆரம்பம் அமர்க்களமாகத்தான் இருந்தது. எங்கள் தெரு நேராகப் போகாது, வளைந்து வளைந்துதான் போகும். இரண்டு பக்கமும் கீழே கடை, மேலே வீடு. நாங்கள் நுழைந்த நேரம் பார்த்து மூன்றாவது மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கியது. ரொட்டிக்கடை அண்ணன் வெளியே வந்து அதில் இரண்டு ரொட்டியை வைத்து, கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தார். கூடை மேலே போனது. புதுப்பெண் கைதட்டினாள். "அந்த வீட்டுல மூணு பேர், கூடையில ரெண்டு ரொட்டிதான் போகுது. ஒருத்தர் கோவிச்சுட்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு அர்த்தம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர்கூட ஏதோ செய்தார், அது சிரிப்பாக இருக்கலாம்.

அதற்கு அப்புறம் ரொட்டிக்கடைக்குள் போனேன். மாவு பிசையும் பெரிய மேஜையைத் துடைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, ஆளுக்கொரு தட்டு போட்டிருந்தார் மனுஷன். தட்டுக்கு ஒரு முழு ரொட்டி. பக்கத்தில் வெண்ணெய், தேன், அவித்த முட்டை. போதாததற்கு, அடுப்பிலிருந்து இன்னொரு தட்டு பன் வந்துகொண்டிருந்தது.

அவரை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "அண்ணே, ஒரு வாய்னு சொன்னேனே."

"சொன்னம்மா. நானும் யோசிச்சுப் பாத்தேன். மத்த கடைக்காரங்க நீ சொன்னதைக் கேட்டுக் கிள்ளித்தான் வைப்பாங்க. பாவம், தூரத்துலருந்து வந்தவங்க. இங்கயாவது வயிறாரச் சாப்பிடட்டும்னுதான்."

விருந்தாளிகள் அதற்குள் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். சூடான ரொட்டியையும் வெண்ணெயையும் முன்னால் வைத்துவிட்டு நிறுத்து என்றால் யார் நிறுத்துவார்கள்? சரி, போகட்டும், சூப்பக்கா சத்தியம் செய்திருக்கிறாள், அவள் கடையில் சரிக்கட்டிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சூப்பக்காவும் அதே யோசனைதான் செய்திருந்தாள். மற்ற கடைக்காரர்கள் கிள்ளித்தான் வைப்பார்கள், பாவம், என்கிற அதே யோசனை. கிண்ணம் என்று அவள் வைத்ததில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம். தொப்பிக்காரர் மரியாதைக்காக அதைக் குடித்து முடித்தார். முடித்ததுதான் அவர் செய்த தப்பு. அடி தெரிந்துவிட்டது. அவர் வாயைத் துடைப்பதற்குள் அடுத்த ரவுண்டை ஊற்றிவிட்டாள். நான் கண்ணைக் காட்டுகிறேன், கையைக் காட்டுகிறேன், அவள் என் பக்கம் திரும்பினால்தானே.

வெளியே வந்தபோது யாருக்கும் நடையே இல்லை. புதுமாப்பிள்ளை பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினான். நர்ஸம்மா ஒரு வாசற்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். "இன்னும் மூணு கடை பாக்கி இருக்கு. இவங்களால ஒரு வாய்கூட முடியாது. பேசாம இதோட முடிச்சுக்கலாமா?"

முடித்துக்கொள்ளலாமா என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஓரகத்தி கையில் வழிகாட்டி வேலை, என் கையில் கொடி, அதுதான் அர்த்தம். "கொஞ்சம் உக்காந்து எந்திரிச்சா சரியாயிடும் மேடம்" என்று சொல்லிவைத்தேன்.

உட்கார இடம் தேடியபோது எதிரே இருந்தது மெத்தைக்காரரின் கடை. அது என் திட்டத்திலேயே இல்லை. பழைய மெத்தைகளைப் பிரித்து, பஞ்சைத் தடியால் அடித்து உதறி, திரும்ப அடைத்துத் தைத்துக் கொடுப்பவர் அவர். "தாராளமா வாங்க, புது மெத்தையே இருக்கு" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் வயிறு நிறைந்தவர்களை மெத்தையில் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்று எனக்காவது உறைத்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் நான்கு பேரும் சாய்ந்துவிட்டார்கள். புதுமாப்பிள்ளை குறட்டை விட ஆரம்பித்தான். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்கு வந்ததே கோபம். யார்மேல் என்று கேட்காதீர்கள். ரொட்டிக்கடை அண்ணன்மேல், சூப்பக்காமேல், இப்படிப்பட்ட தெருவில் வாழ்க்கைப்பட்ட என் தலையெழுத்தின்மேல். மெத்தைக்காரரின் தடி சுவரோரம் சாய்ந்திருந்தது. அதை எடுத்து, பிரித்துப் போட்டிருந்த பஞ்சில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். இன்னொன்று வைத்தேன். தூசி கிளம்பியது. மெத்தைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

பின்னாலிருந்து ஒரு குரல். "அதைக் கொஞ்சம் நான் பாக்கட்டுமா?"

தொப்பிக்காரர். எழுந்து வந்திருந்தார். தடியைக் கொடுத்தேன். முதல் அடி சரியாக விழவில்லை. மெத்தைக்காரர் பக்கத்தில் வந்து, "தோள்ல இருந்து அடிக்காதீங்க சார், இடுப்புலருந்து வரணும்" என்றார். அடுத்த அடி சரியாக விழுந்தது. அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. தொப்பி கீழே விழுந்தது, வியர்வை கொட்டியது. ஒரு கட்டத்தில் நின்று நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். "மன்னிக்கணும். இப்பக் கொஞ்சம் இடம் கிடைச்ச மாதிரி இருக்கு" என்று வயிற்றைத் தடவிக்கொண்டார்.

அந்த நொடியில் எனக்குப் பொறி தட்டியது. வயிறு நிறைந்துவிட்டதா? சரி. காலி பண்ணிவிடலாம். வேலைக்கா எங்கள் தெருவில் பஞ்சம்?

"எல்லாரும் எந்திரிங்க" என்றேன். வீட்டில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பின அதே குரல். மிச்ச மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். உள்ளே இருந்த மற்றத் தடிகளையும் எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். நர்ஸம்மா தயங்கினார். "எனக்கு வயசாயிடுச்சேம்மா."

"உங்களை ஆஸ்பத்திரியில ரொம்பப் படுத்தினவங்க யாராவது இருக்காங்களா?"

"ஏன் இல்லாம? எங்க பழைய சூப்பர்வைசர் ஒருத்தி."

"இந்தப் பஞ்சுதான் அவங்க."

அதற்குப் பிறகு நர்ஸம்மா கையிலிருந்து தடியைப் பிடுங்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

மேலாளர் என் பக்கத்தில் வந்தார். "இது உங்க திட்டத்துல இருந்துச்சா?"

"இதுதான் மேடம் முக்கியமான பகுதியே" என்றேன். கண் இமைக்கவில்லை நான்.

அடுத்தது ஊறுகாய்க்கடை. கடைக்காரம்மா தட்டு நிறைய எடுத்து வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தாள். அவளும் யோசித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நல்லவேளையாக, ஜாடிகள் வந்த தள்ளுவண்டி வாசலில் இறக்காமல் நின்றது. "தட்டு அப்புறம். முதல்ல ஜாடியெல்லாம் கீழ் அறைக்குப் போகணும்" என்றேன்.

"விருந்தாளிங்களை வெச்சா? ஊர் சிரிக்கும்" என்று அவள் பதறினாள்.

"நீங்க மட்டும் பேசாம இருங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க."

வரிசையாக நிறுத்திக் கைமாற்றிக் கைமாற்றி ஜாடிகளை இறக்கினோம். மரப் படிக்கட்டு, தாழ்ந்த கூரை, குனிந்துதான் போக வேண்டும். கீழே குளிர்ச்சியாக, காடியும் மிளகும் கலந்த வாசம். எந்த ஜாடிக்கு எத்தனை மாதம் வயது, எதை யார் கேட்டு வைத்திருக்கிறார்கள் என்று கடைக்காரம்மா பேச ஆரம்பித்தாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினாள். வேலை முடிந்ததும் புதுப்பெண் தானாகவே தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம் இன்னொன்று. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து நேராகச் சலவைக்கடை. அதுவும் திட்டத்தில் இல்லாததுதான். ஹோட்டல் போர்வைகளை மொட்டைமாடியில் காயப்போடுவார்கள், ஐந்து மாடி ஏற வேண்டும். ஈரத் துணிக் கூடைகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஏறினோம். புதுமாப்பிள்ளை மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கினான். பெண்டாட்டி அவன் கூடையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். வீட்டில் இதை எத்தனை வருஷத்துக்குச் சொல்லிக்காட்டப் போகிறாளோ, பாவம் அவன்.

மேலே போனதும் எல்லோரும் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றார்கள். எங்கள் பேட்டை முழுக்க அங்கிருந்து தெரியும். ஓட்டுக் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், புகைபோக்கிகள், ஜன்னல்களில் தொங்கும் கூடைகள், நாங்கள் நடந்து வந்த வளைவுகள். மேலாளர் ஒரு போர்வையின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையைப் பிடித்தேன். எதிரெதிர்ப் பக்கமாகப் பிழிந்தோம். தண்ணீர் அவருடைய ஷூவில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா? இந்த வேலையில எத்தனையோ பேட்டை பாத்துட்டேன். பாதி வழியிலயே எல்லாரும் போனை எடுத்து நோண்ட ஆரம்பிச்சுடுவாங்க. போன தடவை ஆத்தங்கரையிலயும் அதேதான். அழகான இடம், போட்டோ எடுத்தாங்க, அப்புறம் போன்லயே இருந்துட்டாங்க. இங்க யார் கையிலயாவது போன் இருக்கா பாருங்க."

பார்த்தேன். ஈரக் கையும் போர்வையுமாக ஒருவரை ஒருவர் இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் நான் சந்தோஷப்படவில்லை. மீன்கடை இன்னும் முடியவில்லை. அங்கே ஒரு தட்டு மிச்சமானாலும் அந்த மனுஷன் கதவைச் சாத்திவிடுவார், இவ்வளவு பாடும் வீண்.

ஆகவே காப்பிக்கடையிலும் யாரையும் உட்காரவிடவில்லை. காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையைக் கடைக்காரர் கையால்தான் சுற்றுவார். "சுத்துறவங்களுக்கு மட்டும்தான் காப்பி" என்று ஒரு சட்டத்தை அங்கேயே நான் போட்டேன். கடைக்காரர் என்னை முறைத்தார். பத்து ஆள் வேலை சும்மா நடக்கிறது என்று புரிந்ததும் முறைப்பதை விட்டுவிட்டார். ஆளாளுக்குச் சுற்றினார்கள். கொட்டை வெடிக்கிற சத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும், ஒரு சுற்று தாமதித்தாலும் கருகிவிடும். நர்ஸம்மா காதை வைத்துக் கேட்டு மிகச் சரியாக நிறுத்தினார். இத்தனூண்டு கோப்பையில் சர்க்கரை போடாத காப்பி கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு வாசலுக்கு வந்த தொப்பிக்காரர் மூக்கைத் தூக்கினார்.

"அது என்ன வாசனை?"

"எது சார்?" என்றேன், தெரியாததுபோல.

"மீனு. மீன் வறுக்கிறாங்க. எந்தப் பக்கம்?"

எனக்கு வழி காட்டவே வேண்டியிருக்கவில்லை. அவர் முன்னால் போனார், நாங்கள் பின்னால் போனோம்.

மீன்காரர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் சொன்ன கட்டைவிரல் அளவெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை, ஆளுக்கு ஒரு முழு மீன். தட்டுகளை வைத்துவிட்டு யாருடைய கை முதலில் நிற்கிறது என்று வேவு பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றார். புதுமாப்பிள்ளை ஒரு பக்கத்தைத் தின்று முடித்தான். திருப்பிப் போட்டான். நர்ஸம்மா முள்ளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு விரலைச் சப்பினார். தொப்பிக்காரர் தட்டில் முள் மட்டும் மிஞ்சியது. அதுவும் சுத்தமாக.

"இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார்.

மீன்காரர் போட்டார். புதுப்பெண்ணும் கேட்டாள். போட்டார். மேலாளரும் தட்டை நீட்டினார். அவர் அதுவரை எந்தக் கடையிலும் இரண்டாவது முறை வாங்கவில்லை. மீன்காரர் சட்டியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், உள்ளே போய்ப் பனிப்பெட்டியைத் திறந்து பார்த்தார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"தங்கச்சி, தீந்துடுச்சு."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு அவர் சிரித்தார் பாருங்கள், அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. வாசலில் ரொட்டிக்கடை அண்ணன், சூப்பக்கா, மெத்தைக்காரர், பாதித் தெரு கூடிவிட்டது. சூப்பக்கா மெதுவாக, "பத்தலைன்னா எங்கிட்ட சூப்பு இருக்கு" என்றாள். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் நகர்ந்துவிட்டாள்.

மேலாளர் விருந்தாளிகளைத் தனியாக அழைத்துக் கேட்கவில்லை. அங்கேயே, எல்லோர் முன்னாலும் கேட்டார். "எப்படி இருந்துச்சு? ஆத்தங்கரையா, இதுவா?" நான்கு பேரும் அங்கேயும் போயிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

தொப்பிக்காரர் முந்திக்கொண்டார். "ஆத்தங்கரையில நான் சாப்பிட்டேன். இங்க எனக்குப் பசிச்சுது. பசிச்சுச் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சுன்னு எனக்கே தெரியல. அடுத்த வாரம் என் தம்பியையும் கூட்டிட்டு வரலாமா?"

மற்ற மூவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மேலாளர் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"வர்ற சனிக்கிழமையில இருந்து உங்க தெருவுலதான் நடை. நீங்கதான் வழிகாட்டி. இதே வழி, இதே வேலை. எதையும் மாத்தாதீங்க."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். முடியவில்லை. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க நடுவாசலில் நின்று அழுதேன், அழுகையோடு சேர்த்துச் சிரிப்பும் வந்தது. ஜெயித்துவிட்டேன். என் வாய் ஜெயித்துவிட்டது, எங்கள் தெருவின் வேண்டாத பழக்கமும் சேர்ந்து ஜெயித்துவிட்டது. ரொட்டிக்கடை அண்ணன் பக்கத்தில் நின்றவரிடம், எல்லாம் தன்னுடைய ரொட்டியால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அதைக்கூட நான் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன் அடித்தது. ஓரகத்தி. யாரோ அவளுக்குப் பாதிக் கதையை மட்டும் சொல்லியிருக்க வேண்டும்.

"என்ன, ரெண்டாவது கடையிலயே எல்லாரும் படுத்துட்டாங்களாமே? கேள்விப்பட்டேன், சங்கடமாப் போச்சு. முதல்லயே இவ்வளவு திங்கக் குடுத்தா யாரால நடக்க முடியும்? விடு, நீ எங்கூட வந்துடு."

வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னையே பார்த்தார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

"அக்கா, வேலை எனக்குக் கிடைச்சுடுச்சு."

சொல்லிவிட்டு, அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.

"சனிக்கிழமை நீங்களும் அவசியம் வரணும். மச்சானையும் கூட்டிட்டு வாங்க. பட்டினியா வரணும்னெல்லாம் இல்லக்கா. வீட்டுலயே நல்லா மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுட்டு வாங்க. பசியை நாங்க பாத்துக்கிறோம்."